கிளியில் தொடங்கும் சொற்கள்

என் அக்கா மகள் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். இரவுப்பணி முடிந்து வந்தால் தூங்க வேண்டும், அவள் தூங்குவதில்லை. ஈத்தாமொழிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நீள நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களை உருப்போடுகிறாள். வெளிநாட்டுக்குப் போகும் செவிலியர்களுக்கென்று ஓர் ஆங்கிலத் தேர்வு இருக்கிறது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு தேங்காய் மட்டை ஊறிக்கொண்டிருந்தது. இப்போது வீட்டுக்கு வீடு இந்தத் தேர்வு ஊறிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாள் காலையில் நோட்டைத் தூக்கி என் பக்கம் போட்டாள். “மாமா, இந்த ஜி, எல்லில் தொடங்குகிற சொல் ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.”

எடுத்துப் பார்த்தேன். உச்சரிப்பைத் தமிழில் எழுதி, எதிரே பொருளும் எழுதியிருந்தாள். கிளீம், கிளிட்டர், கிளிம்மர், கிளிண்ட், கிளிஸன், கிளேர், கிளான்ஸ், கிளிம்ப்ஸ். அந்தப் பக்கம் முழுக்க ஒரே கிளிக்கூட்டம். எதிரே இருந்த பொருளையும் படித்தேன்: பளிச்சிடுதல், மினுமினுத்தல், மங்கலாக மின்னுதல், பொறிபோல் மின்னுதல், ஈரத்தில் மின்னுதல், கண்கூச ஒளிர்தல், ஒரு பார்வை பார்த்தல், கணநேரம் கண்ணில் படுதல்.

“ஒரே மாதிரி இருக்கிறது என்று அழுகிறாயே, அதுதான் உனக்கு உதவி” என்றேன். நான் சொன்னது என் வாக்கு அல்ல. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஒரு சாரின் வாக்கு.

சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ராஜாக்கமங்கலம் போகும் சாலையோரத்தில் ஓட்டு வீடு. மாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அவர் வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். அகராதி வரிசையில் சொல் படிப்பது அவருக்குப் பிடிக்காது. “சொல்லைத் தனியாக நிறுத்தி வைத்துப் பார்க்காதே மக்களே. அது எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்” என்பார். எங்கள் ஊரில் முகம் தெரியாத சிறுவன் ஒருவன் வழியில் எதிர்ப்பட்டால் முதல் கேள்வி அதுதான்: நீ எந்த வீட்டுப் பிள்ளை? பெயர் பிறகுதான். சார் அந்தக் கேள்வியை ஆங்கிலச் சொற்களிடம் கேட்டார். ஜி, எல் வீடு என்றால் வெளிச்சம், அல்லது வெளிச்சத்தைப் பார்க்கும் கண். எஸ், என் வீடு என்றால் மூக்கு. டபிள்யூ, ஆர் வீடு என்றால் முறுக்கு. கே, என் வீடு என்றால் முண்டும் முடிச்சும்.

இதில் தமிழ் நாக்குக்கு ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் மொழியில் சொல்லின் வாசலில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்கக் கூடாது. ஒரு மெய்கூடத் தனியாக நிற்கக் கூடாது. ‘உயிர்மெய் அல்லன மொழிமுதல் ஆகா’ என்று தொல்காப்பியம் கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே ஸ்கூல் இஸ்கூல் ஆனது. ஜி, எல் சேர்ந்து வந்தால் நடுவில் ஓர் இகரத்தையோ உகரத்தையோ செருகி மூச்சு விட்டுக்கொள்கிறோம். பின்னால் ஊகாரமோ ஓகாரமோ வந்தால் உகரம்: குளுக்கோஸ், குளோப். மற்ற இடங்களில் பெரும்பாலும் இகரம்: கிளாஸ். போதாததற்கு நம் ககரம் ஒன்றே இரண்டு வேலை பார்க்கிறது. எனவே டீ குடிக்கும் கண்ணாடித் தம்ளரும் கிளாஸ், பள்ளியில் உட்காரும் வகுப்பும் கிளாஸ், நான் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் பளபளப்புப் பூச்சும் கிளாஸ். முதலாவதும் மூன்றாவதும் மின்னும் வீட்டுப் பிள்ளைகள். நடுவில் இருப்பது சம்பந்தமே இல்லாத விருந்தாளி. தமிழில் எழுதிப் படிக்கும் என் மருமகளுக்கு மூன்றும் ஒரே கிளி. ஆங்கிலக் காது அந்த இரண்டு மெய்யும் உரசும் ஓசையிலேயே வெளிச்சத்தைக் கேட்கிறது. நாம் உரசலை உயிர் போட்டுப் பிரித்துவிடுகிறோம். பிரித்ததும் வெளிச்சம் போய்விடுகிறது.

அதனால் அவளிடம் தமிழிலிருந்தே தொடங்கினேன். வெள்ளை, வெள்ளி, வெளிச்சம், வெயில், வெளிறுதல், விடிவெள்ளி. விளக்கைப் போடச் சொல்ல நம் பாட்டி என்ன சொல்லுவாள்? வெட்டம். இந்த ‘வெ’யைக் கேட்டதும் உன் மனத்தில் ஒரு வெண்மை விரிகிறதா இல்லையா? மின்னல், மின்மினி, மினுக்கு, மினுங்கல் என்று இன்னொரு வீடும் இருக்கிறது. ஆங்கிலக்காரனுக்கு ஜி, எல் அப்படி.

அவள் உடனே மடக்கினாள். “வெட்டு, வெல்லம், வெற்றி எல்லாம்?”

நல்ல கேள்வி. ஆங்கிலத்திலும் கையுறைக்குப் பெயர் கிளவ். பசைக்கும், உருண்டையான பூமிப்படத்துக்கும், உடம்பின் சுரப்பிக்கும், பெருந்தீனிக்காரனுக்கும் அதே ஜி, எல் தொடக்கம். இவற்றில் எதுவும் மின்னாது. “குளுக்கோஸ் மின்னுமா மாமா?” என்றாள். மின்னாது; அது இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வீடு ஒன்று இருப்பதால் தெருவே அவர்களுடையது ஆகிவிடாது.

ஆனால் ஜி, எல் வீட்டின் கதையைத் துருவினால் ஒரு வேடிக்கை தெரியும். அந்த வீட்டில் எல்லாரும் பிறந்த பிள்ளைகள் அல்லர். கிளாமர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சினிமாப் பத்திரிகைகள் தேய்த்துத் தேய்த்து வெளுக்கச் செய்த சொல். அதன் பிறப்பு ஜி, எல்லில் இல்லை, ஜி, ஆரில். அது கிராமர், அதாவது இலக்கணம்! படிப்பறியாத மக்களுக்கு இலத்தீன் இலக்கணம் படித்தவன் மந்திரவாதியாகத் தெரிந்தான். இலக்கணம் என்ற சொல்லுக்கு மாயவித்தை என்ற பொருளும் சேர்ந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ரகரம் லகரமாகித் தனிச்சொல் ஆனது. அப்போது கிளாமர் என்றால் கண்ணை மயக்கும் மாயம். பிறகு மாயம் கழிந்து மினுக்கம் மட்டும் மிஞ்சியது. நன்னூல் சூத்திரம் ஒப்பிக்கத் தெரியாமல் நான் அடி வாங்கிய நாட்களை நினைத்துக்கொள்கிறேன்; இலக்கணத்திலிருந்து கவர்ச்சி பிறந்தது என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஊக்கமாவது வந்திருக்கும்.

எஸ், என் வீட்டில் இதைவிட நல்ல கதை இருக்கிறது.

சாருக்கு மூக்குப்பொடிப் பழக்கம். எஸ், என் பாடம் நடத்திய அன்று அவர் அதை ஒரு நாடகமாகவே செய்தார். பித்தளை டப்பாவைத் தட்டித் திறந்தார். “இது ஸ்னஃப்.” ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். “இது ஸ்னிஃப்.” மூக்கைச் சுளித்து எங்களை ஏளனமாகப் பார்த்தார். “இது ஸ்னியர்.” பிறகு அடுத்த சொல் தானாகவே வந்தது, வராந்தா அதிர்ந்தது. “அது ஸ்னீஸ்” என்று வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குறட்டை ஸ்னோர், பன்றியின் மூஞ்சி ஸ்னவுட், குதிரை மூக்கால் சீறினால் ஸ்னார்ட், பின்வரிசையில் ஒருவனுக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது ஸ்னாட். அன்றைக்குக் கற்ற எட்டுச் சொற்களில் ஒன்றையும் இன்றுவரை மறக்கவில்லை. மூக்கு என்பதற்கான ஆங்கிலச் சொல் மட்டும் அந்த வீட்டில் இல்லை என்பதைச் சார் சொல்லவில்லை. அது வெறும் என்னில் தொடங்குகிறது. வீட்டுத் தலைவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். நம் தமிழில் அந்தக் குறை இல்லை. மூக்கு, மூச்சு, மூஞ்சி, முகர்தல், மோப்பம், முனகல் என்று எல்லாரும் ஒரே கூரைக்குள் இருக்கிறார்கள்.

கதை தும்மலைப் பற்றியது. பழைய ஆங்கிலத்தில் தும்மலுக்கான சொல் எஸ், என்னில் தொடங்கவில்லை; எஃப், என்னில் தொடங்கியது. வாயில் நுழையாத அந்தத் தொடக்கம் ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல அருகிப்போனது. குடும்பமே அழிந்த நிலையில் தும்மல் அநாதையாக நின்றது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அது எஸ், என் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பழைய கையெழுத்தில் எஃப்பும் நீண்ட எஸ்ஸும் ஒன்றுபோல் இருக்கும். அதைப் பிழையாகப் படித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பவர்கள் உண்டு. இருந்தாலும் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். குறட்டை விடுகிறவனும் முகர்கிறவனும் சீறுகிறவனும் இருக்கும் வீட்டுக்கு. தும்மலுக்கு அதைவிடப் பொருத்தமான வீடு ஏது?

சார் சொன்ன வீட்டுக் கணக்கில் எனக்கு ஒரு திருத்தம் தோன்றியது இங்கேதான். இது இரத்த உறவு இல்லை. அண்டை அயல் பழகி உறவானது. கடலோர ஊர்களில் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவரை இரண்டு தலைமுறைக்குள் சித்தப்பா, பெரியப்பா என்று கூப்பிடத் தொடங்கிவிடுவோம். மூன்றாம் தலைமுறைக்கு அவர் சொந்தமில்லை என்பதே தெரியாது. சொற்களும் அப்படித்தான் ஒன்றோடொன்று பழகிப் பழகி முகச்சாயலைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. நம் கிராமத்து ஆள் ‘தும்மல்’ என்னும்போது தும்பும் தூசும் பக்கத்தில் வந்து நிற்பதில்லையா? அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அம்மா. அம்மா கயிறு திரிக்கப் போனவள். அடித்து உதறிய தும்பின் தூசு நாள் முழுக்க அவள் மூக்கில் இருக்கும். தும்பு, தூசு, தூள், துகள், துரும்பு, துணுக்கு, துளி, தூறல். கம்பன் பாட்டில் துமி என்ற சொல் வந்ததாம். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று ஒட்டக்கூத்தர் வாதாடினாராம். மோர் கடையும் பெண் ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்து, மோர்த்துமி தெறிக்கும், தள்ளிப் போங்கள் என்றதும் வாதம் அடங்கியதாம். கதை நடந்ததோ இல்லையோ, அந்தச் சொல்லை முதன்முறை கேட்கும் தமிழனுக்கும் அது ஏதோ சிறியது, தெறிப்பது என்று தோன்றிவிடும். துகளும் துளியும் முன்பே அவன் காதில் குடியிருக்கின்றன அல்லவா!

இதையெல்லாம் கண்டுபிடித்தது நானோ சாரோ அல்ல. 1653இல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயர் தம் மொழிக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். எந்தெந்த எழுத்துக்கூட்டம் எந்தெந்தப் பொருளோடு ஒட்டிவருகிறது என்று அதில் பட்டியலிட்டார். டபிள்யூ, ஆர் என்றால் கோணலும் முறுக்கும் என்பது அதில் இருக்கிறது. இத்தனைக்கும் அவர் கணித மேதை. முடிவிலிக்கு நாம் இன்றும் போடும் குறியீட்டை, அந்தப் படுத்துக்கிடக்கும் எட்டை, 1655இல் அறிமுகப்படுத்தியவர் அவர்தான். முறுக்கிவிட்ட கயிற்று வளையம் போலவே இருக்கும் அந்தக் குறி. அவருக்குப் பின் 1930இல் ஜே. ஆர். ஃபர்த் இந்த எழுத்துக்கூட்டங்களுக்கு ஒரு கலைச்சொல்லே உருவாக்கினார். ஃபர்த் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பிற்பாடு தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதினார். நம் கிளாஸ் சிக்கல் அவர் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. 2004இல் பெஞ்சமின் பெர்கன் என்பவர் சோதனை நடத்தி ஒன்றைக் காட்டினார். ஒளிர்தலைக் குறிக்கும் ஜி, எல் சொல் ஒன்றைப் பார்த்தவர்கள், அடுத்து வரும் அதே வீட்டுச் சொல்லை விரைவாக அடையாளம் காண்கிறார்கள். எழுத்து மட்டும் ஒத்த சொற்களுக்கோ பொருள் மட்டும் ஒத்த சொற்களுக்கோ அந்த அளவு வேகம் இல்லை. ஆக, வீடு தாளில் மட்டும் இல்லை, தலைக்குள்ளும் இருக்கிறது.

மருமகள் ஆர்வமாகிவிட்டாள். நோட்டில் எல்லாவற்றையும் வீடு வீடாகப் பிரித்து எழுதத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால் இந்த வீட்டுக் கணக்கை நம்பி நான் ஒருமுறை அவமானப்பட்டவன்.

ஏழாம் வகுப்பில் சார் எங்களுக்கு ஐ, என் வீட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தார். முன்னால் ‘இன்’ வந்தால் ‘இல்லை’. இன்கரெக்ட் என்றால் சரியில்லை, இன்விஸிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் அப்பாவோடு நாகர்கோவில் போயிருந்தேன். வழியில் டீக்கடை வாசலில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி நின்றது. பின்புறம் சிவப்பு எழுத்தில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’. அதன் நிழலில் ஒருவர் பீடி பற்றவைக்கப் போனார். கடைக்காரர் பதறிக் கத்தினார். நான் படித்தவன் அல்லவா? “பயப்பட வேண்டாம், கொஞ்சமும் தீப்பிடிக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது” என்று உரக்க விளக்கம் சொன்னேன். அப்பா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. பீடிக்காரர் என்ன செய்தார் என்பது நினைவில்லை.

சாரிடம் போய் நியாயம் கேட்டேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “வாசலில் ஒரே பெயர்ப்பலகைதான் மக்களே, உள்ளே இரண்டு குடும்பம் இருக்கிறது” என்றார். ஒரு ‘இன்’ இல்லை என்பது. மற்றொரு ‘இன்’ உள்ளே, மேலே என்பது. தீமூட்டு என்ற இலத்தீன் வினையில் இருப்பது இரண்டாவது. இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே, அந்த ‘இன்’னை வெட்டி எறிந்துவிட்டு வெறும் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதுங்கள் என்று வற்புறுத்தத் தொடங்கிவிட்டது. விலைமதிக்க முடியாதது என்பதற்கும் மதிப்பில்லாதது என்பதற்கும் இடையிலும், புகழுக்கும் இழிபுகழுக்கும் இடையிலும் இதே ‘இன்’ விளையாடுகிறது. அவை உயிரை வாங்காது, விட்டுவிடலாம்.

உயிரை வாங்குவது மருமகளின் வேலையில் இருக்கிறது. ஹைப்பர், ஹைப்போ. முதல் மூன்று எழுத்தும் ஒன்று, வாயில் உருளும் விதமும் ஒன்று. ஒன்று மேலே, மற்றொன்று கீழே. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஹைப்பர், இறங்கினால் ஹைப்போ. இறங்கியவருக்கு உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும், ஏறியவருக்கு இன்சுலின். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஓர் இரவு மூன்று மணிக்குத் தொலைபேசியில் யாரோ அவளிடம் அந்தச் சொல்லைச் சொன்னார்களாம். கடைசி அசை காற்றில் போய்விட்டது. “அப்பரா, போவா என்று இரண்டு தடவை கேட்டேன் மாமா. எரிச்சல்பட்டார்கள். மூன்றாம் தடவையும் கேட்டேன்” என்றாள். அவள் மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்றைக்குக் கூடியது.

மருந்துகளின் பெயர்களில் இது இன்னும் கொடிது. ஹைட்ராலஸின் இரத்த அழுத்தத்துக்கு; ஹைட்ராக்ஸிஸின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். தலையும் வாலும் ஒத்த இரட்டையர். இப்படிப்பட்ட பெயர்களில் வேறுபடும் நடு எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2001இல் கேட்டுக்கொள்ளத் தொடங்கியது. அச்சுத் தொழில் செய்கிறவன் என்ற முறையில் அந்த யோசனைக்கு ஒரு கும்பிடு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. நாம் என்ன செய்வோம் என்பதை மருந்துக் கம்பெனிகள்தாம் யோசிக்க வேண்டும்.

அவள் நோட்டை மூடிவிட்டாள். “அப்படியானால் தொடக்க எழுத்தை நம்பலாமா, கூடாதா? ஒன்றைச் சொல்லுங்கள்.”

ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை. தொல்காப்பியர் உரியியலில் ஒரு வரி வைத்திருக்கிறார்: ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா.’ ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் என்ற காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது. கவனியுங்கள், காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சட்டென்று தென்படாது என்கிறார். சொல்லுக்கும் பொருளுக்கும் இயல்பான ஒட்டே கிடையாது என்று 20ஆம் நூற்றாண்டின் மொழியியல் அடித்துச் சொன்னது. அந்தப் பேச்சைவிட எனக்கு இந்தத் தயக்கம்தான் பிடித்திருக்கிறது. அந்த நூலைக் கேட்டு ஒப்புதல் தந்தவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். அந்த அதங்கோடு நம் விளவங்கோடு பக்கத்து அதங்கோடுதான் என்று அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அதை மறுத்துப் பேசுகிறவனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. ‘அரில் தபத்’ தெரிந்த, அதாவது குற்றம் நீங்க ஆராய்ந்த, அந்தக் கூட்டத்தில் இந்தச் சூத்திரம் வந்தபோது ஆசான் என்ன கேட்டிருப்பார்? ‘விழிப்ப’ என்ற அந்த ஒரு சொல்லை எதற்கு வைத்தாய் என்று கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

கே, என் வீட்டை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தோம். நீ, நக்கிள், நாட், நாப். முழங்கால், விரல் மொழி, முடிச்சு, குமிழ். கே எழுதப்படுகிறது, ஒலிப்பதில்லை. பழைய ஆங்கிலேயர்கள் ஒலித்தார்கள். ஜெர்மானியர்கள் இன்றும் ஒலிக்கிறார்கள். 1806இல் மயிலாடிக்கு வந்து இங்கே பள்ளிக்கூடங்களைத் தொடங்கிய பாதிரியார் ரிங்கல்தௌபே, இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் வந்தாலும் ஆங்கிலேயர் அல்லர், பிரஷ்யக்காரர். அவர் வாயில் முழங்காலுக்கு முன்னால் அந்தக் ககரம் இருந்திருக்கும். மின்னுதலும் குறட்டையும் அவர் தாய்மொழியிலும் கிட்டத்தட்ட இதே எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. நமக்கோ முட்டு, முடிச்சு, முண்டு, மொட்டு, முகிழ் என்று எல்லாம் மகரத்தில் குவிகின்றன. மொழிகூட அந்த வீடுதான். கரும்பின் கணுவும் மொழி, விரலின் மூட்டும் மொழி. ஈத்தாமொழியில் பிறந்த எனக்கு இது ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் உறைத்தது.

“மொழி என்றால் இதுதானே” என்று கட்டிலில் படுத்திருந்த அம்மா கையை நீட்டிக் காட்டினாள். இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எண்பதை நெருங்கும் வயது. ராட்டையில் பிரியைப் பிடித்துப் பிடித்து விரல் மொழிகள் எல்லாம் முண்டு முண்டாக வீங்கியிருக்கின்றன. மருமகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “பாட்டி, இனி டபிள்யூ, ஆர். இது உங்கள் வீடு. முழுக்க முறுக்கு” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு வேலை இல்லை. மருமகள் சொல்லைப் படித்துத் தமிழில் பொருள் சொல்ல, அம்மா படுத்தபடியே கையால் செய்து காட்டினாள். ரிங்: ஈரத்துணியைப் பிழிந்து முறுக்கினாள். ரெஞ்ச்: திருகிப் பிடுங்கினாள். ரிஸ்ட்: வளையல் கிடக்கும் இடத்தைச் சுழற்றினாள். ராப்: முந்தானையைச் சுற்றினாள். ரிங்க்கிள்: கன்னத்தைக் காட்டினாள். ரிகிள்: விலாங்கு மீன் நெளிந்தது. ரைட், அதாவது எழுதுதல், இந்த வீட்டில் சேராது என்று நான் இடையில் புகுந்தேன்; அதன் பழைய பொருள் கீறுதல். “எழுதுவதே ஓலையில் கீறுவதுதானே. பிறகு என்ன?” என்று அம்மா என்னை அடக்கிவிட்டாள்.

ராங் என்பதற்கு ஆதிப்பொருள் கோணல், வளைவு. அதைச் சொன்னதும் மருமகள் நிமிர்ந்தாள். நம்மிடமும் அப்படித்தானே? கொடு என்றால் வளைந்தது. கொடுவாள், தேளின் கொடுக்கு, சுற்றிப் படரும் கொடி. அங்கிருந்து கொடுமை, கொடுங்கோல். ஒருபால் கோடாமை சான்றோர்க்கு அணி என்கிறது குறள். தவறு என்பதை வளைவாகப் பார்த்த கண் இரண்டு மொழிக்கும் ஒன்றாக இருந்திருக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரண்டு கொடுந்தமிழ் நாடுகளை உரையாசிரியர்கள் எண்ணியபோது வேணாட்டையும் சேர்த்தார்கள். ஆகவே நாம் பேசுவது அதிகாரபூர்வமாகவே முறுக்கிய தமிழ் என்றேன். நம் பேச்சைக் கேட்டு மதுரைக்காரர்கள் சிரிப்பது வீண். இரண்டு பிரியை முறுக்கினால்தான் கயிறு.

பட்டியலில் கடைசிச் சொல் ரை. “இது என்ன மாமா, பொருள் எழுதியும் புரியவில்லை. ஒரு வகைச் சிரிப்பாம்.”

விளக்கப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணும். வருத்தம் பாதி, கிண்டல் பாதி. நடந்தது பிடிக்கவில்லை, ஆனால் நடந்துவிட்டது, இனி என்ன செய்ய என்கிற மாதிரி. எனக்கே திருப்தியாக இல்லை.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “உன் மாமன் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, வெளிநாடு போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து நாகர்கோவிலில் பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து நின்றான். அப்போது நான் ஒரு சிரிப்புச் சிரித்தேனே, அதுவா?”

சொல்லிவிட்டு அதே சிரிப்பைச் சிரித்துக் காட்டினாள். உதட்டின் இடது ஓரம் மட்டும் மேலே போய்த் திருகி நின்றது.

மருமகள் நோட்டில் இருந்த பொருளை அடித்துவிட்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ரை: பாட்டி மாமாவைப் பார்த்துச் சிரித்தது.